பழைய காரின் பற்சக்கரம்

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில் அமைந்த சிற்றூர் சுங்கை லாலாங். சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் கெடாவே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. அக்கடாரத்து மண்ணில், இவ்வூரைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலமும், மோட்டார் வண்டி உலகெங்கும் பரவிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. வண்டிக்கு டயர் வேண்டியிருந்தது. டயருக்குப் பால்மரத்தின் பால் வேண்டியிருந்தது. பால் வெட்டத் தமிழர் கை வேண்டியிருந்தது. 1910 ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்து விற்றதும், கப்பல் கப்பலாக மக்கள் பினாங்குத் துறையில் வந்து இறங்கியதும் இந்தத் தொடர்பினாலேயாம்.

தோட்டத் தமிழனுக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு டயரோடு முடிந்துவிடவில்லை. துரையின் காரை ஓட்டியவனும், பால் ஏற்றிய லாரியைச் செலுத்தியவனும், பழுதுற்றபோது அடியில் படுத்துக் கழற்றியவனும் பல தோட்டங்களில் அவனே. புதிய வண்டியை விலை கொடுத்து வாங்குபவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். பழைய வண்டியை ஓடவைத்தவர் பெயர் எங்கும் இராது. அன்னார் செய்த வேலையின் அருமையை உணர ஒரே ஓர் உறுப்பின் வரலாற்றைப் பார்த்தால் போதும். அதுவே கியர்ப்பெட்டியும் அதனுள் இருக்கும் பற்சக்கரமும்.

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க முற்படுவோர் எல்லாரும் இறுதியில் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். கிழிந்த இருக்கையைத் தைக்கலாம். தேய்ந்த எஞ்சின் உருளையைக் குடைந்து பெரிதாக்கலாம். கியர்ப்பெட்டியில் ஒரு பல் உடைந்தால் அதே பற்களை உடைய மற்றொரு சக்கரம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காதவரை வண்டி கொட்டகையில் நிற்கும்.

பற்சக்கரத்தின் தொழில்

எஞ்சின் வேகமாகச் சுழலும்போதே அதற்கு வலிமை உண்டு. நின்ற வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் மெதுவான, வலிய சுழற்சி வேண்டும். சிறு சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும்; விசை பெருகும். கியர்ப்பெட்டியின் தத்துவம் இவ்வளவே. ஆனால் ஓடும் வண்டியில் ஒரு சக்கரத்தை விலக்கி மற்றொன்றைச் சேர்க்கும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இம்மோதலைத் தவிர்க்கப் பழைய காலத்து ஓட்டுநர் கிளட்ச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டி, காதால் கேட்டு, பல்லோடு பல்லைப் பொருத்தினார். 1928 இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், சேரும் இரு சக்கரங்களின் வேகத்தையும் முன்னதாகவே சமன்செய்யும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பைத் தன் வண்டிகளில் பொருத்தியது. அதன்பின்னும் நெடுங்காலம் சிறிய கார்களின் முதல் கியருக்கு அந்த வசதி அளிக்கப்படவில்லை. பழைய கியர்ப்பெட்டிகளைத் திறந்தால் முதல் கியரின் பற்களே மிகுதியாகச் சிதைந்திருப்பதன் காரணம் இதுவே. வண்டி முழுதும் நிற்குமுன் முதல் கியரைத் தள்ளிய ஒவ்வொரு அவசரமும் அப்பற்களில் எழுதப்பட்டிருக்கும்.

மாற்று உறுப்பு பிறந்த கதை

மோட்டார் வண்டியின் தொடக்க நாட்களில் 'மாற்று உறுப்பு' என்ற கருத்தே உறுதிப்படவில்லை. தொழிலாளி ஒரு சக்கரத்தை அராவிப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, அந்த வண்டிக்கென்றே பொருத்தினான். ஒரு வண்டியின் உறுப்பு, அதே பட்டறையில் அடுத்து நின்ற வண்டிக்குக்கூடப் பொருந்தாது.

இந்நிலை மாறியதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1908 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டத் திடலில் நடைபெற்றது. அரச மோட்டார் கழகத்தின் மேற்பார்வையில் மூன்று காடிலாக் வண்டிகள் முற்றாகப் பிரிக்கப்பட்டன. உறுப்புகள் யாவும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அவற்றுள் 89 உறுப்புகள் நீக்கப்பட்டு, விற்பனையாளர் கிடங்கிலிருந்து எடுத்த புதியவை அவற்றினிடத்தில் வைக்கப்பட்டன. பின்னர்ச் சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே மூன்று வண்டிகள் மீண்டும் பூட்டப்பட்டன. மூன்றும் 500 மைல் ஓடிக் காட்டின. அவ்வாண்டுக்குரிய டியூவர் பரிசு அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பரிசைவிடப் பெரியது அதன் பயன். ஓரிடத்தில் செய்த சக்கரம், செய்தவன் ஒருநாளும் காணாத வேறொரு நாட்டில், செய்தவனை அறியாத ஒருவன் கையால் பொருத்தப்படலாம் என்பது உறுதியாயிற்று. டெட்ராய்ட்டிலும் காவென்ட்ரியிலும் வார்த்த உறுப்பு கெடாத் தோட்டத்துக் கொட்டகையில் வந்து பொருந்தியது இந்த உறுதியினாலேயே.

'டி' வண்டியின் பருத்தித் துணி

சிங்கப்பூரில் முதல் மோட்டார் வண்டி 1896 இல் ஓடியது. சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி வைத்திருந்த பென்ஸ் வண்டி அது. 1906 இல் வேர்ன் சகோதரர் நிறுவனம் சிங்கப்பூரில் தோன்றியது. பின்னர் அது போர்டு வண்டிகளை மலாயாவெங்கும் விற்றது. 1909 உடன்படிக்கையால் கெடா, சயாமின் மேலுரிமையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஹென்றி போர்டின் 'டி' வகைக் கார் வெளிவந்திருந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக அவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன.

'டி' வண்டியின் கியர் முறை தனித்தன்மை வாய்ந்தது. அதில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கவ்வியே இருக்கும். நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் கோள்கள் போலச் சுற்றிவரும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, பருத்தி உறை பதித்த ஓர் எஃகுப் பட்டை அதற்குரிய உருளையை இறுகப் பிடிக்கும், கியர் மாறும். இடக்கால் மிதி முன்னோக்கிச் செல்லவும், நடுமிதி பின்னோக்கிச் செல்லவும், வலமிதி நிறுத்தவும் பயன்பட்டன. பற்கள் மோதுவதில்லை ஆகலின் அவை உடைவது அரிது. பருத்தி உறையே தேயும். மேல்மூடியைத் திறந்து அதனை மாற்றிக்கொள்ளலாம்.

அடிக்கடி பழுதுபடும் உறுப்பு எளிதில் மாற்றத்தக்கதாய் இருந்தமையால், பெரிய பட்டறை இல்லாத ஊர்களிலும் அவ்வண்டி பிழைத்தது. செய்யப்பட்டவை கோடிக்கணக்கில் இருந்தமையால், நூறாண்டு கடந்த பின்னும் அதன் உறுப்புகளைப் புதிதாகச் செய்து விற்போர் உள்ளனர். சில நூறு மட்டுமே செய்யப்பட்ட விலையுயர்ந்த கார்களுக்கு இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. அரசர் ஏறிய கார் அசையாமல் நிற்க, வணிகர் ஏறிய கார் இன்றும் ஓடுவதில் வியப்பில்லை.

போரும் பற்றாக்குறையும்

போர்டு நிறுவனம் 1926 இல் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை நிறுவியது. புக்கிட் தீமாவில் அதன் புதிய தொழிற்சாலை 1941 அக்டோபரில் எழுந்தது. இரண்டே திங்களில் ஜப்பானியர் படையெடுத்தனர். டிசம்பர் 11, 12 ஆம் நாட்களில் கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. குரூண் வழியாகவும் சுங்கைப்பட்டாணி வழியாகவும் பின்வாங்கிய படை, வண்டிகள் பலவற்றைக் கைவிட்டுச் சென்றது. இவ்வாறு கிடைத்த பொருள்களை 'சர்ச்சில் தந்த சரக்கு' என்று ஜப்பானியப் படையினர் நகையாடினர். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த இடம் அதே போர்டு தொழிற்சாலை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே நிஸ்ஸான் நிறுவனம் படைக்கான வண்டிகளைப் பூட்டியது.

மேல்நாட்டு உறுப்புகள் வரும் வழி அடைபட்டது. ஓடும் வண்டிக்கு ஓடாத வண்டியே கிடங்கு என்றாயிற்று. பெட்ரோலுக்கு மாற்றாகக் கரியை எரித்து உண்டாக்கிய வாயு பயன்பட்டது. தமிழகத்தில் 1911 இல் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மதுரை நிறுவனமும் போர்க்காலத்தில் இத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து அளித்தது. கரிவாயுவில் எஞ்சினின் ஆற்றல் குறையும். மேட்டில் கீழ்க் கியரிலேயே நெடுந்தூரம் ஏறவேண்டும். பெட்ரோல் தட்டுப்பாடு இவ்வாறு பற்சக்கரத்தின் மேல் சுமையாக இறங்கியது.

வண்டிகளின் சுற்றம்

போருக்குப் பின் மலாயாவின் சாலைகளை நிறைத்த சிறு கார்களுள் மோரிஸ் மைனர் முதன்மையானது. ஆசிரியர், கிராணி, மருத்துவ உதவியாளர் ஆகியோர் கனவு கண்ட கார் அது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் வெளியாயிற்று. இன்று இந்நாட்டில் பழைய கார்களைப் புதுப்பிப்போர் கையில் மிகுதியும் அகப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் 'மைனருக்கு ஒரு கியர்ச் சக்கரம்' என்று கேட்டு வாங்கினால் ஏமாறுவது உறுதி. எந்த மைனர் என்பதே முதற் கேள்வி.

தொடக்க கால மைனரில் இருந்தவை போருக்கு முந்திய மோரிஸ் எட்டுக் குதிரை வண்டியின் வழிவந்த எஞ்சினும் கியர்ப்பெட்டியும். 1952 இல் மோரிஸ், ஆஸ்டின் நிறுவனங்கள் ஒன்றாகிப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. உடனே மைனருக்குள் ஆஸ்டின் ஏ-30 வண்டியின் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் புகுந்தன. 1956 இல் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் ஆயிற்று. 1962 இல் 1098 ஆயிற்று. இறுதி மாற்றத்தின்போது கியர்ப்பெட்டியின் கூடு, வெளியே விலாவெலும்பு போன்ற வரிகளுடன் வலுப்படுத்தப்பட்டது. கிளட்ச்சும் ஆறேகால் அங்குலத்திலிருந்து ஏழேகால் அங்குலமாயிற்று. வெளித்தோற்றத்தில் ஒரே மைனர். உள்ளேயோ தலைமுறை பல.

இதனை அறிந்தவன் மைனரின் உறுப்பை மைனரில் மட்டும் தேடமாட்டான். ஆஸ்டின் ஏ-35 இல் தேடுவான். வரிக்கூட்டுப் பெட்டிக்கு ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம். ஜி. மிட்ஜெட் ஆகிய விளையாட்டு வண்டிகளில் தேடுவான். அங்கும் எச்சரிக்கை வேண்டும். கூடு ஒன்றாயினும் பல் எண்ணிக்கை வேறுபடலாம். தம்முள் கவ்வும் இரு சக்கரங்களுள் ஒன்றை மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்தால் இணை பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

பிற வண்டிகளுக்கும் இத்தகைய சுற்றம் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்ததே இந்தியாவின் அம்பாசிடர். ஆக்ஸ்போர்டு இங்கிலாந்தில் மறைந்த பின்னும் அம்பாசிடர் 2014 வரை வங்காளத்தில் செய்யப்பட்டது. எனவே ஆக்ஸ்போர்டு வைத்திருப்போர் இந்தியாவை நோக்கினர். ஆனால் 1990களில் அம்பாசிடரில் ஜப்பானிய இசுசு எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்துவிட்டமையால், ஆண்டறியாமல் வாங்கியவர் கைநட்டம் அடைவர். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்கு உடன்பிறப்பு. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உறுப்புக் கடைகளிலும், மலேசியாவில் 'ஹாஃப்-கட்' என வழங்கும் வெட்டிய வண்டிக் கடைகளிலும் வெற்றி பெறுபவன் இவ்வுறவுமுறை அறிந்தவனே.

தமிழாசிரியருக்கு இம்முறை புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றை அவர்கள் அறிவர். ஓர் ஏட்டில் செல்லரித்த அடியை அதே மூலத்தின் வழிவந்த மற்றோர் ஏடு காத்து வைத்திருக்கும். எந்த ஏடு எதன் வழிவந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பாடத்தை எங்கே கொள்வது என்பது விளங்கும். பற்சக்கரத் தேடலும் இத்தகையதே.

யாழ்ப்பாணத்துப் பாடம்

உறுப்புத் தேடல் ஒரு பொழுதுபோக்காக அன்றி வாழ்வின் தேவையாகவே நின்ற இடம் ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. அது யாழ்ப்பாணம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது கண்டி வீதி என்னும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. பெட்ரோல், மின்கலம் முதலியவற்றோடு வாகன உதிரி உறுப்புகளும் குடாநாட்டுக்குச் செல்லத் தடை செய்யப்பட்டன. புதிய வண்டி வருவதற்கு வழியில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு ஆகியவையே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றன, மணமக்களை ஏற்றின, இடம்பெயர்ந்தோரின் மூட்டைகளைச் சுமந்தன.

அவை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சாலையெங்கும் புகையும் வாடையும் நிறைந்தன. கியர்ப்பெட்டி பழுதுற்றபோது கடையில் வாங்க ஒன்றுமில்லை. கைவிடப்பட்ட வண்டியிலிருந்து கழற்றினர். கடைசல் பட்டறையில் தேய்ந்த தண்டைச் சீர்செய்தனர். அத்தகைய பழைய வண்டிகள் அங்கே பிழைத்ததற்கு ஒரு காரணம், அவற்றின் அமைப்பு எளிது. மின்னணுப் பெட்டி எதுவும் அவற்றில் இல்லை. மற்றொரு காரணம், ஒவ்வொரு திருகையும் கையறிந்த தொழிலாளர் அங்கே இருந்தனர். 2002 இல் சாலை திறந்தபோது, தெற்கிலே அருகிவிட்ட கார்கள் யாழ்ப்பாணத் தெருக்களில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்ததை வந்தோர் கண்டு வியந்தனர்.

இலங்கையின் தென்பகுதியிலும் இத்திறம் தொழிலாக மலர்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கைத் தொழில் முனைவர் தனபால சமரசேகரவுடன் கூட்டுச் சேர்ந்து மைனருக்குரிய உறுப்புகளை இலங்கையில் செய்வித்தார். மைனரை உலகுக்கு ஏற்றுமதி செய்த நாட்டுக்கே, ஒருகாலத்தில் அதனை வாங்கிய நாடு உறுப்பு அனுப்பத் தொடங்கியது.

இல்லாததைச் செய்தல்

சுற்றத்திலும் கிடைக்காத சக்கரத்தைப் புதிதாய்ச் செய்வது ஒன்றே வழி. நேர்வெட்டுப் பற்கள் உடையதாயின் கணக்கு எளிது. பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தின் அங்குலத்தால் வகுக்கவேண்டும். 30 பல்லும் 4 அங்குல விட்டமும் உடைய சக்கரத்துக்கு 32 ஐ 4 ஆல் வகுக்க 8 வரும். பல்லளவு எட்டுக்குரிய வெட்டுக்கருவியால் பல் வெட்டவேண்டும் என்பது இதன் பொருள். பல்லின் சாய்கோணமும் அறியப்படவேண்டும். பழைய சக்கரங்களில் பதினான்கரைப் பாகை மிகுதி. பிற்காலத்தில் இருபது பாகை பெருவழக்காயிற்று. சாய்வெட்டுப் பற்களுக்கு முறுக்கின் அளவும் சேர்ந்துகொள்ளும்.

பல் வெட்டியதோடு வேலை முடியாது. மெல்லிரும்பால் செய்த சக்கரம் விரைவில் தேயும். உள்ளும் புறமும் கடினமான சக்கரம் கண்ணாடி போல் உடையும். மேல்தோல் மட்டும் கடினமாகவும் உட்பகுதி நெகிழ்வுடனும் இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த கரியுள்ள கலப்பு எஃகைக் கரித்தூள் நிறைந்த பெட்டியில் இட்டு, ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில் பல மணி நேரம் வைத்து, பின்னர் எண்ணெயில் அமிழ்த்துவர். கரி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உட்சென்று தோலை வலுவாக்கும். வெப்பத்தால் சக்கரம் சிறிது கோணும். அதனைச் சாணைபிடித்துத் திருத்தவேண்டும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மாதிரியாகக் கொண்ட சக்கரம் தேய்ந்ததாய் இருந்தால், அளவெடுப்பவன் அறியாமல் தேய்மானத்தையும் சேர்த்தே புதிய சக்கரத்தில் வெட்டிவிடுவான். பிழைபட்ட ஏட்டைப் பார்த்து எழுதுவோன் பிழையையும் படியெடுப்பது போன்றது இது. தேய்ந்ததைக் கண்டு தேயாததைக் கணித்தறிவதே தொழில்வல்லான் திறம். கோவையில் 1920 இல் ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெற்றவர் அல்லர்; இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே அதன் கருத்தை அறிந்தவர். அந்நகரில் அவர் பெயரோடு தொடர்புடைய பழைய கார்க் காட்சியகம் 2015 இல் திறக்கப்பட்டது.

கெடாவில் இன்று

பால்மரம் நின்ற கெடா இன்று கார் செய்யும் மாநிலம். கூலிமில் இனோகோம் தொழிற்சாலையும், குரூணில் கார், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளும் நடக்கின்றன. அங்கே கியர்ப்பெட்டி முழுதாகப் பெட்டியில் வந்து இறங்குகிறது. பழுதுற்றால் முழுதாக மாற்றப்படுகிறது. உள்ளே எத்தனை பல் என்று எண்ணிப்பார்க்கும் தேவை பட்டறைக்காரருக்குக் குறைந்துவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வேறு பயிருக்கு மாறியும் போயின. தோட்டத்து வண்டிக் கொட்டகைகளில் பழகிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. எந்த வண்டியின் சக்கரம் எந்த வண்டிக்குப் பொருந்தும், எந்த ஒலி எந்தத் தேய்வைக் காட்டும் என்ற அறிவு அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அச்சேறிய நூல்களில் நிறுவனத்தார் தந்த அளவுகள் கிடைக்கும். பொருந்தாததைப் பொருத்திய முறை கிடைக்காது.

ஓட்டுநரும் பட்டறைக்காரரும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வழங்கிய உறுப்புப் பெயர்களையும், அவர்கள் கையாண்ட மாற்று முறைகளையும், கேட்டவாறே ஏட்டில் பதிந்துவைப்பது தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளால் இயலும் பணி. இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மாணவர் தம் பாட்டனாரிடம் கேட்டு எழுதிவரும் ஒரு குறிப்பேடு போதும். அதில் கார் எது, ஆண்டு எது, பல் எத்தனை, எந்த வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார் என்னும் நான்கு செய்திகள் இருந்தால், நாளை ஒரு பழைய காரைத் திறந்து நிற்பவனுக்கு அது வழிகாட்டும். இந்நாட்டுத் தமிழர் தொழில் வரலாற்றுக்கும் ஒரு சான்றாகும்.